கலகெதர ஏற்றத்தில் பன்னிரண்டு கடையாணிகள்

என் வீட்டுச் சுவரில் ஒரு கடையாணி இருக்கிறது. கரத்தை என்று நாங்கள் சொல்கிற மாட்டுவண்டியின் சக்கரம் அச்சிலிருந்து கழன்று ஓடாமல் பிடிக்கிற ஆணி. கண்டிக்கு ரயில் வந்துவிட்டதால் கரத்தைக்கு வேலையில்லை; இப்போது அது என் தலைப்பாகையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் படித்த ஒரே பாடம் உயிர்ப்பயம்.

வெள்ளைக்காரத் துரைமாருக்கு எதிராக மலை ஊர்களில் கலகம் எழுந்த வருஷம் அது. என் மச்சானும் நானும் இன்னும் நாலு கரத்தைக்காரர்களும் கோப்பித் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு கலகெதர ஏற்றத்தில் போனோம். கலகக்காரர்கள் மறித்தார்கள். மாடுகளை அவிழ்த்து, ஆறு கரத்தைகளையும் பாதைக்குக் குறுக்கே நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சிப்பாய்களின் பீரங்கிக்கு வேறு வழியில்லை.

மச்சான் முதுகில் துரையின் சவுக்குத் தழும்பு உண்டு. மனிதருக்கு ஒரே சந்தோஷம். "மச்சான், ஆணி பூராத்தையும் பள்ளத்துல வீசு. சக்கரம் எப்புடி நிக்குதுன்னு பாப்போம்!" என்றார்.

நான் வீசியது பன்னிரண்டு கற்கள். ஆணிகள் என் மடியில். சிப்பாய் வந்தால் முதல் குண்டு கரத்தைக்காரனுக்குத்தான் என்று வயிறு சொன்னது. வயிறு சொன்னால் நான் தட்டுவதில்லை.

பகல் சாய்வதற்குள் சிப்பாய்கள் வந்தார்கள். கலகக்காரர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். பட்டாளத்துத் துரையோடு மொழிபெயர்க்க வந்த முதலியார் தமிழில் சொன்னார்: "பாதை தொறக்கலேன்னா ஆறு பேரையும் சுடச் சொல்றார்."

தேடுவதாக நடிக்கப் பள்ளத்தில் இறங்கினேன். என் நடுக்கத்தில் செடியெல்லாம் ஆடியது. ஆணிகளோடு ஏறி வந்தேன். மச்சான் என் மடியைப் பார்த்தார்.

"பன்னெண்டும் கெடச்சிருச்சா மச்சான்?"

சக்கரங்கள் ஏறின, கரத்தைகள் விலகின, பீரங்கி மேலே கணவாய்க்குப் போனது. பிறகு வெகுநேரம் வெடிச்சத்தம் கேட்டது. நாங்கள் ஆறு பேரும் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டோம்.

அதற்குப் பிறகு கள்ளுக்கடையில் மச்சானுக்கு ஒரே பேச்சு: "ரெண்டு நாளு அந்தப் பாதை அடைபட்டிருந்தா கண்டி கலகக்காரங்க கையில! பள்ளத்துல போட்ட ஆணி தானா ஏறி வந்துருச்சே!" எல்லோரும் சிரிப்பார்கள். உரக்கச் சிரிப்பவன் நான். அன்றைக்குக் கணவாயில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அதே கடையில் குடித்தார்கள். மச்சான் என் பெயரைச் சொன்னால் போதும், என் கழுத்து மிஞ்சாது. சாகும்வரை அவர் சொல்லவில்லை.

போன மாதம் சாவுப் படுக்கையில் கிடந்தபடி, தன் பழைய கரத்தையின் ஆணியை என் கையில் வைத்தார். "இதையும் மடியில வச்சுக்க. மறுபடி யாராச்சும் சுட வருவாங்க."

அதைத்தான் சுவரில் அடித்திருக்கிறேன். மடியில் வைக்கப் பயம்.