குறைத்து வாங்காத அல்பொன்சா

சாமான் விலை ஏன் ஏறியது என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். கடைக்காரியிடம் பதில் இல்லாவிட்டால் சனம் அவளைத்தான் கள்ளி என்று சொல்லும். டொலர் என்பேன், டீசல் என்பேன், வற் வரி என்பேன், லொறிக்கூலி என்பேன். நாலு பக்கமும் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு ஒரு தேங்காயை இருநூறு ரூபாய்க்கு விற்ற நாட்களில் பழியைக் குரங்கின்மேல் போட்டேன். புத்தளத்து உப்பளங்களை மழை கரைத்து, இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வந்த வருடம் வானத்தைக் கையால் காட்டினேன். இந்த நாட்டில் உயிரோடு இருக்க ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதற்கு ஊரில் உலவும் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அல்பொன்சாவின் வீட்டுச் செலவுக்கு மட்டும் நெடுநாளாகக் காரணம் தெரியாமல் இருந்தேன்.

என் பெயர் றைஸா. கற்பிட்டிக்கு இப்பால் கண்டக்குளிக் கடலோரத்தில், பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் என் கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூட்டம், இரண்டும் கடன் கூட்டம். நாடு வங்குரோத்தாகி, கஜானா காலியாகி, எண்ணெய்க்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் சனம் எல்லாவற்றையும் குறைக்கப் பழகிவிட்டது. நானும் தேங்காயைப் பாதியாக உடைத்து விற்கிறேன், முட்டையை ஒன்று ஒன்றாக விற்கிறேன், பருப்பை நூறு கிராமாகச் சுற்றிக் கொடுக்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இப்போது வயிற்றில் போடுவதற்கும் அதுதான் சட்டம்.

அல்பொன்சா மட்டும் குறைக்கவில்லை. கருவாட்டு வாடியில் மீன் வெட்டி நாட்கூலி வாங்குகிறவள் அவள். வீட்டில் அவளும் மகள் டெனிஷாவும் மட்டும்தான். ஆனால் தேங்காய் என்றால் முழுசு, பருப்பு என்றால் ஒரு கிலோ, சீனி என்றால் ஒரு கிலோ. காசு போதாத நாளில் கடன் சொல்வாளே தவிர அளவைக் குறைக்கமாட்டாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இத்தாலியில் யாரோ இருக்கிறார்கள், காசு வருகிறது என்றார்கள் சிலர். புருஷன் போன பிறகு ராணி மாதிரிச் சாப்பிடுகிறாள் என்றார்கள் வேறு சிலர். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் புள்ள என்று முகத்துக்கு நேரே ஏசினேன். அவள் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் புருஷன் யாக்கோபு, அந்தக் கெட்ட வருடத்தின் கடைசியில், வாடைக்காற்று தொடங்கிய நாட்களில் கடலோடு போனவர். போட்டு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் நாலு மடங்கானது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூட ஒருவரைக் கூட்டிப்போனால் பங்கு கொடுக்க வேண்டும் என்று யாக்கோபு தனியாகவே போகத் தொடங்கியிருந்தார். ஒரு பின்னேரம் வலை போடப் போனவர் மறுநாள் வரவில்லை. வாடை கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. எஞ்சின் நின்றால் அது போட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சிலாபத்து நெடுநாள் படகுக்காரர் வெகுதூரத்தில் அவருடைய போட்டைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். வலை உள்ளே ஏற்றியிருந்தது. எஞ்சினில் பழுதில்லை. எண்ணெய் டாங்கி காய்ந்திருந்தது. ஆள் இல்லை.

அதன் பிறகு ஒருமுறை மா மூட்டை கொடுக்க அவள் அடுப்படிக்குள் போனேன். அங்கே இருந்ததெல்லாம் விளிம்பு முட்ட நிறைந்திருந்தது. தண்ணீர்க் குடம், எண்ணெய்ப் போத்தல், சீனிப் போத்தல், உப்புச் சட்டி எல்லாம் அப்படித்தான். ஒரு கரண்டி எடுத்தால் உடனே ஒரு கரண்டி போடுவாளாம். யாரோ நெடும் பயணம் புறப்படுகிற வீடு மாதிரி இருந்தது. வெளியே கடலில் ஏதோ ஒரு எஞ்சின் விக்கியது. அல்பொன்சா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அது மறுபடி பிடித்து ஓடும்வரை கையில் இருந்த மூடியைப் போத்தலில் வைக்காமல் அப்படியே நின்றாள். தேத்தண்ணி குடிக்காமலே வந்துவிட்டேன்.

கடைக்கு வரும் போட்டுக்காரரிடம் அவள் கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு. ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எவ்வளவு தூரம் வரலாம் என்று கேட்பாள். ஒரு மண்ணும் வராது, கரண்டியளவு எண்ணெய் அது என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். வலை விற்க உடப்பிலிருந்து வந்த விநாயகமூர்த்தி மட்டும், அவள் யாரென்று தெரியாமல், உண்மையைச் சொல்லிவிட்டார். வாடைக்கு எதிரே என்றாலும் ஒரு போத்தல் இருந்தால் கடல்பாறைக்கு இந்தப் பக்கம் வந்து நங்கூரம் போட்டுவிடலாம், விடிந்ததும் யாராவது காண்பார்கள் என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு வழக்கம்போல் ஒரு முழுத் தேங்காய் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருடம் கன்னியாஸ்திரிகள் டெனிஷாவுக்கு வத்தளையில் தாதிப் பயிற்சிக்கு இடம் எடுத்துக் கொடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை. தகப்பன் போனபோது உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. பரீட்சைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. ஹோட்டலில் வெள்ளைக்காரரின் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள். பயிற்சிக்குப் பாதிக் கட்டணம் முதலிலேயே கட்ட வேண்டும், மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். டெனிஷா போகமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்த்தாள். காசுக்குப் பயந்துதான் பிள்ளை மறுக்கிறாள் என்று அல்பொன்சா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் ராணிச் செலவைக் குறை, பிள்ளையைக் கரைசேர் என்று அவளுக்கு நன்றாக ஏசினேன்.

அடுத்த நாள் அவள் வந்து கால் கிலோ பருப்புக் கேட்டாள். நிறுத்துக் கொடுத்தேன். பையை வாங்கியவள் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் போனாள், திரும்பி வந்தாள், பையை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். உச்சி வெயில், கடையில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் சொன்னாள்.

"அவர் கடைசியாப் போன அண்டைக்கு வரிசையில நிண்டு எண்ணெய் எடுத்தது நான்தான் தாத்தா. அவர்ர கேனில இருந்து ஒரு போத்தல் நான் எடுத்து வெச்சன். கேஸும் இல்ல, விறகும் நனைஞ்சு கிடந்தது. வரக்குள்ள சுடுசோறு குடுக்க வேணுமெண்டு எடுத்தன். அவருக்குத் தெரியாது."

எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம். என்னைப் பார்த்து மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவள் அழவில்லை. ஒரு சாமானைக் குறைத்துக் கையில் வாங்கினால் அந்தக் கேனின் பாரம் கையில் தெரிகிறது என்றாள். எனக்கு என் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது. இதைப் போய் மகளிடம் சொல், அவளும் ஊராரைப் போலத்தானே உன்னை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று புத்தி சொன்னேன். புத்தி சொல்வதற்கு மட்டும் இந்த நாட்டில் இன்னும் விலை ஏறவில்லை.

மறுநாள் கடை திறக்குமுன்பே அவள் வாசலில் நின்றாள். ஒரு இரவுக்குள் முகம் சுண்டிப் போயிருந்தது. நான் சொன்னபடி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பா கடைசியாகப் போன அன்றைக்கு ஒரு சங்கதி என்று தொடங்கியிருக்கிறாள். அதற்கு மேல் சொல்ல மகள் விடவில்லை. டெனிஷா அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கத்தி அழத் தொடங்கிவிட்டாள்.

கடைசியாகக் கடலுக்குப் போன அந்தப் பின்னேரம் தகப்பன் அதே கேனிலிருந்து ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றி மகளிடம் கொடுத்திருக்கிறார். மின்வெட்டு நேரத்தில் விளக்கு எரித்துப் படிக்கிறாள், எண்ணெய் போகிறது என்று தாய் ஏசிய நாட்கள் அவை. அம்மாவிடம் சொல்லாதே, வடிவாகப் படி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கடலில் நின்ற அந்த இரவில் இவள் அந்த எண்ணெயில்தான் விளக்கு எரித்துப் பாடம் பார்த்திருக்கிறாள். மூன்று வருடமாக அவள் புத்தகத்தைத் தொடாததற்கு அதுதான் காரணம்.

ஆக, அந்த வீட்டில் தாய் மகளுக்குத் தெரியாமல் ஒரு போத்தலோடும், மகள் தாய்க்குத் தெரியாமல் ஒரு போத்தலோடும் மூன்று வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள். யா அல்லாஹ் என்று நான் நெஞ்சில் கை வைத்தேன்.

தன் போத்தலைப் பற்றி அல்பொன்சா மகளிடம் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறாள். உனக்கு எண்ணெய் தந்ததை அப்பா என்னிடம் சொன்னார், நான் றைஸா தாத்தாவிடம் ஓடிப்போய் இரண்டு போத்தல் கடன் வாங்கிவந்து கரையில் வைத்தே டாங்கியில் ஊற்றினேன், அப்பா போகும்போது டாங்கி நிறைந்திருந்தது, காற்றுத்தான் கொண்டுபோனது என்று சொல்லியிருக்கிறாள். மகள் நம்பவில்லை.

"உங்களிட்ட வந்து கேப்பாள் தாத்தா. ஓமெண்டு சொல்லுங்க. பிள்ளை போகட்டும்."

மகளுக்காக ஒரு போத்தல் போதுமே, ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

டெனிஷா அன்று பின்னேரம் ஹோட்டல் உடுப்போடு வந்தாள். கடைக்குள் நின்ற இரண்டு பேர் போகும்வரை சவர்க்கார அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். நான் ஓமென்றேன். எத்தனை போத்தல் என்றாள். இரண்டு என்றேன். எண்ணெய் இல்லாத காலத்தில் உங்களிடம் எப்படி இருந்தது என்றாள். கடைக்காரி ஒளித்து வைக்காமல் இருப்பாளா என்றேன். அந்தக் காலத்தில் என்னைப் பதுக்கல்காரி என்று ஊர் சொன்ன பொய்ப்பேச்சு அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. அவள் என் கண்ணையே பார்த்தாள்.

"வல்லாஹி சொல்லுங்க மாமி."

எங்களோடு பிறந்து வளர்ந்த பிள்ளை. அல்லாஹ்மேல் ஆணையிட்டு நாங்கள் பொய் சொல்லமாட்டோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பொய்ச் சத்தியத்துக்கு நாளைக்கு மறுமையில் நான் பதில் சொல்ல வேண்டும்; அல்லாஹ்விடம் பிழை பொறுக்கக் கேட்டுத் தௌபாச் செய்து, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். இந்த விலைவாசியில் பத்துப் பேருக்கு என்ன செலவாகும் என்று கடைக்காரப் புத்தி ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், மீனைப்போல் இமைக்காமல் நின்ற அந்தக் கண்களைப் பார்த்தேன்.

"வல்லாஹி. ரெண்டு போத்தல் குடுத்தன் மகள்."

அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு, கட்டணத்துக்குக் குறைகிற காசை நான் தருகிறேன், உடுப்பைக் கட்டு என்றேன். மாத முடிவுக்கு முன் அவள் வத்தளைக்குப் போய்ச் சேர்ந்தாள். பத்துப் பேருக்குப் பருப்பும் சோறும் கருவாட்டுப் பொரியலும் கொடுத்தேன். அந்தப் பத்தில் இரண்டு பேர் கடைக்குத் தர வேண்டிய கடனை, சாப்பிடக் கூப்பிட்ட அதே வாயால் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

மகளை பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் அல்பொன்சா கடைக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பிலிருந்து ஆயிரம் ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் விரித்து வைத்தாள். பழைய கடனுக்கா என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. அண்டைக்கு உங்களிட்ட வாங்கின ரெண்டு போத்தல் எண்ணெய்க்கு. அண்டைய விலைக்கே எடுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. இவ்வளவு காலம் தராமல் விட்டதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். அன்றைக்கு என் கடைக்கு ஓடிவந்தபோது மழைத் தூறல் இருந்ததாம், போத்தலுக்கு மூடி இல்லாமல் நான் கடதாசி சுருட்டி அடைத்துக் கொடுத்தேனாம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடலில் ஒரு எஞ்சின் விக்கி நின்றது. அவள் திரும்பவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை.

"டாங்கி நிறைஞ்சுதானே போனார். காத்துக்கு ஆர் என்ன செய்யிற, என்ன தாத்தா?"

அந்தத் தாளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம். தள்ளினால், நான் எண்ணெய் கொடுக்கவே இல்லை என்று சொன்னதாகிவிடும்.

ஓம் புள்ள, காத்துத்தான் என்றேன். மேசையின் காசு லாச்சியைத் திறந்து, ஆயிரம் ரூபாயைப் போட்டு, இரண்டு போத்தலுக்கு அன்றைய விலையைக் கழித்து, மிச்சக் காசை அவள் கையில் எண்ணிக் கொடுத்தேன்.