ஆறேகாலுக்கு அடிக்கும் வள்ளியம்மாள்

"…பதினாறாம் நாளும் முடிஞ்சு, மக வீட்டைப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயாச்சு அண்ணாச்சி. ஆனாலும் ஆறேகால் ஆச்சுன்னா வள்ளியம்மா போன் அடிக்கா. மூணே அடி. நின்னுரும்," என்றார் ஞானம் அக்கா, பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தபடி. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பொத்தான் போன் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை, காலை மணி ஆறு அஞ்சு.

நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் நாலே முக்காலுக்கு ஏறியவன் நான். கல்லிடைக்குறிச்சிக்கு முப்பத்திரண்டு ரூபாய். அங்கிருந்து ஆற்றை ஒட்டி வயல் நடுவே நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தை மாதப் பனியில் மலை மொத்தமும் காணாமல் போயிருந்தது.

"போன் அக்கா வீட்டுக்கா? முக்குலயே இறக்கி விட்டுருதேன்," என்றார் ஆட்டோக்காரர். "செத்தவ அடிக்குத மணி காதுல விழுந்தா, அடுத்து நம்ம நம்பருக்கு அடிப்பாளாம்லா."

"உங்க நம்பர் அந்த அம்மாவுக்குத் தெரியுமாக்கும்?" என்று சிரித்தேன்.

"தெரியாம? ஆசுபத்திரிக்கு எப்பவும் என் வண்டிலதான போவா." சொன்னபடியே முக்கில் இறக்கிவிட்டார்.

கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, ஊருக்கு ஒரு நல்ல காரியம் தொடங்கவேண்டும் என்று கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசி, வழி செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஒன்றரை வருடம் முன்பு இங்கே 'காலை மணி' தொடங்கியது அப்படித்தான். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்க, தனியே கிடக்கும் இருபத்தொரு பேர். விடிந்ததும் ஆளுக்கொரு மிஸ்டு கால், இந்த ஒரே போனுக்கு. அக்கா எடுக்கமாட்டார், நோட்டில் டிக் போடுவார். ஆறரைக்குள் மணி வராவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். வள்ளியம்மாளை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். குளியலறையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிப் போனதால் இன்னும் நாலு நாள் இருந்து, மகள் கையால் பால் குடித்துப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வினை. செத்தவளோடு ஒரே லைனில் சேரப் பயந்து, இனி எங்களைத் தேட வேண்டாம் என்று சொல்லி, நாலு பேர் மணி அடிப்பதையே விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் கீழே விழுந்து, மத்தியானம் வரை யாருக்கும் தெரியவில்லை. போனை அணைத்துவிடலாமா என்று முடிவெடுக்க அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம்.

ஆறேகால். போன் அடித்தது. திரையில் 'வள்ளியம்மா'. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டு, அவ எடுத்துட்டா என்ன செய்யுதது?" என்றார் அக்கா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அம்மன் கோயில் கமிட்டி பூதத்தான் அண்ணாச்சியும் சேர்ந்துகொள்ள, வள்ளியம்மாள் வீட்டுக்கு நடந்தோம். "அவ துணிமணி பூரா ஆத்துல விட்டாச்சு வே. போனும் அதுக்குள்ளதான் போயிருக்கும்னு மக சொல்லுதா. அப்ப ஆத்துக்கு அடியில இருந்தா அடிக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் வாய்க்கால் சத்தமில்லாமல் ஓடியது. நான் அதைப் பார்க்காமல் நடந்தேன்.

பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால் தரை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி நானே கூப்பிட்டேன். வீட்டுக்குள் சத்தமில்லை. பூதத்தான் அண்ணாச்சிதான் முதலில் தலையைத் திருப்பினார். வீட்டுக்குப் பின்னால், வாழைத்தோப்புக்குள்ளிருந்து, மிக மெலிசாக மணி கேட்டது.

பைய நடந்து போனோம். தோப்பு ஓரத்தில் ஒற்றை ஓட்டு அறை. வாசலில் அறுபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர், அடிக்கும் போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, எடுக்கவும் தெரியாமல் அணைக்கவும் தெரியாமல் நின்றார்.

பெயர் துரைராஜ். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் நாற்பது வருடம். அது மூடியபோது இறங்கி வந்தவர். மனைவியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார். இங்கே யாருமில்லை.

"ஏ மனுசா! இத்தனை நாளா நான் தனியா கொல்லைக்குப் போகல, தெரியுமா வே!" என்று கத்தினார் பூதத்தான் அண்ணாச்சி.

"அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போகும்போது வாசல்ல விழுந்து கிடந்துச்சு. கொடுக்கத்தான் எடுத்தேன். ஒருத்தரும் கேக்கல," என்றார் துரைராஜ். "ஒரு நாள் அவ அடிக்கல. அரை மணியில வாசல்ல ஆறு பேரு. அதைப் பார்த்துட்டேன்லா. பொறவு ஆறேகால் ஆனா கை சும்மா இருக்கல."

"எங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிட மாட்டோமா?" என்றார் அக்கா.

"எந்தப் பக்கத்துல எழுதுவீங்க? மலையில மாரியம்மன் கொடைக்கும் போவேன், கிறிஸ்துமஸ் பஜனைக்கும் போவேன். இங்கன எல்லாரும் 'நீரு எந்தக் கோயிலு'ன்னுதான் கேட்டாவ." கையிலிருந்த போனைப் பார்த்தபடி சொன்னார்: "மலையில காலையில பெரட்டுல வரிசையா நிப்போம். கங்காணி பேரைக் கூப்பிடுவாரு. 'ஆசர்'னு சொன்னாத்தான் அன்னைக்கு நாம ஆளு. இறங்கி ரெண்டு வருசம். இங்கன ஒரு வாயும் என் பேரைச் சொல்லல. மலைக்காரரும்பாவ."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டை மூன்றாகப் பிரித்து, கோயில் வரிப் புத்தகம், சர்ச் ஏடு, ஜமாத் ஏடு என்று கையிலிருப்பதிலிருந்து தொடங்குங்கள், சுலபம் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். எந்த ஏட்டிலும் இல்லாத மனிதர் உயிரோடு இருப்பதைச் சொல்ல, செத்தவள் பெயர்தான் கிடைத்திருக்கிறது.

"ஞாயிறு மட்டும் அடிக்கிறதில்ல," என்றார் அவர், தப்பை ஒப்புக்கொள்வதுபோல. "மலையில ஞாயிறு பெரட்டு கிடையாது."

"ஞாயித்துக்கிழமை உசிரு இருக்காதோ? நாளைக்கும் அடியும்," என்றார் அக்கா. அவர் அந்தப் போனைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாலு மணிக் கூட்டத்தில் போனை அணைக்கும் பேச்சு எழவில்லை. ஏடுகளை ஒதுக்கிவிட்டுத் தெருத் தெருவாகக் கதவைத் தட்டுவது என்று முடிவாகி, பள்ளிவாசல் இளைஞர்கள் அப்போதே கிளம்பினார்கள். இருட்டுவதற்குள் இன்னும் ஐந்து பேர் கிடைத்தார்கள்.

அக்காவும் நானும் புது நோட்டில் பெயர்களை மாற்றி எழுதினோம். பழைய நோட்டின் பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். வள்ளியம்மாள் போன பிறகு மூன்று ஞாயிறு வந்திருந்தன. மூன்றிலும் அவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

"பழக்கத்துல போட்டிருப்பீங்க," என்றேன்.

"இருக்கும்," என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "மணி அடிக்காம நான் பேனாவையே தொடமாட்டேன் அண்ணாச்சி," என்றார்.

ஞாயிறு காலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். பனி முந்தைய நாளைவிட அதிகம். ஆட்டோ முக்கில்தான் நின்றது. மதுரையில் நான் தனியே இருக்கும் மாடி வீட்டில் நான் எழுந்தேனா என்று எந்த நோட்டிலும் டிக் விழுவதில்லை என்ற நினைப்பு, அன்றுதான் முதன்முறையாக வந்தது. பயந்து நிறுத்தியிருந்த நாலு பேரும் ஒவ்வொருவராக அடித்து, அக்கா டிக் போட்டு முடித்திருந்தார்.

ஆறேகால். போன் அடித்தது. திரையில் 'வள்ளியம்மா' என்றுதான் வந்தது. பெயரை மாற்ற மறந்திருந்தோம்.

ஒன்று. இரண்டு. அக்கா என்னைப் பார்த்தார். மூன்றாவது அடி முடிவதற்குள் எழுந்து நின்று, ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் தொடாத பச்சைப் பொத்தானை அழுத்தி, போனைக் காதில் வைத்து, தெருக்கோடிவரை கேட்கும்படி "துரைராஜ்!" என்று பேர் கூப்பிட்டார்.