இழுத்தால் அவிழக் கூடாது

ருக்குவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. இதை அவள் கணவர் பாலசுப்ரமணியமே ஒப்புக்கொள்வார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

அப்படிப்பட்டவளிடம் எழுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சீட்டு வந்து சேர்ந்தது. மகன் ஜம்புவின் நர்சரி டீச்சர் அனுப்பியது. மார்ச் முதல் வாரம் குழந்தைகளைச் சோதிப்பார்களாம். தன் பூட்ஸ் லேஸைத் தானே கட்டத் தெரியாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு கிடையாதாம்.

"ஏன்னா, இதெல்லாம் ஒரு படிப்பா?"

"என்னைக் கேட்டா? நான் செருப்புப் போடறவன்" என்றார் பாலசுப்ரமணியம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

உண்மைதான். தில்லிக் குளிரிலும் காலுறைக்கு மேல் செருப்பை நுழைத்துக்கொண்டு ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் ஏறுகிற மனிதர். ருக்குவோ திருவானைக்காவலில் கல்யாணம் வரை செருப்பே அறியாதவள். ஜம்புவின் லேஸை அக்டோபரில் ஒரு தடவை கட்டியதோடு சரி. தினமும் பூட்ஸுக்குள் காலை அப்படியே நுழைப்பதும் உருவுவதுமாக ஓட்டியாகிவிட்டது.

ஆனால் முடிச்சுப் போட அவளுக்குத் தெரியாதா? பாவாடை நாடா கட்டாத பெண்பிள்ளை உண்டா? உயிரே போனாலும் அவிழாத முடிச்சு அது. அதையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

முதல் நாள் லேஸை வாயில் வைத்துச் சப்பினான். இரண்டாம் நாள் இரண்டு பூட்ஸையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்து, குப்புற விழுந்தான். நாலாம் நாள், "பஸ் அம்மா, ஹாத் துக்தா ஹை", போதும், கை வலிக்கிறது என்று இந்தியில் அழுதான்.

"அழறதைத் தமிழ்ல அழு!" என்றாள் ருக்கு. தப்பித் தவறி முடிச்சு விழுந்துவிட்டால் அதை அவிழ்க்க ஹேர்பின்னால் குடைய வேண்டும். அதற்குள் அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கும். அந்தக் கோபமும் ஜம்பு தலையில்தான் விடியும்.

இரண்டாம் வாரம் அவன் புதிதாக ஒன்று ஆரம்பித்தான். லேஸை இரண்டு காது மாதிரி மடித்து, ஒன்றை மற்றதன் கீழ் நுழைத்து இழுத்தான்.

"ஸ்கூல்ல என் பக்கத்துல உக்கார்ற விக்கி இப்படித்தான் பண்றான்மா."

ருக்கு ஒரு நுனியைப் பிடித்துச் சுண்டினாள். மொத்தமும் அவிழ்ந்தது.

"காதாவது மூக்காவது! தொட்டா அவுந்துடறது, இதுக்குப் பேர் முடிச்சா? பெத்தவ சொன்னா ஏறாது, எவனோ சொன்னா ஏறுமா?" முதுகில் ஒன்று வைத்தாள். மறுநாளும் காது, மறுநாளும் அடி. மூன்றாம் நாளிலிருந்து ஜம்பு ஒழுங்காக நாடா முடிச்சே போட்டான். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கணவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

சோதனை நாளன்று தாய்மார்களை வராந்தாவில் நிற்க விட்டார்கள். குழந்தைகள் வரிசையாக பெஞ்சில். டீச்சர் கை தட்டியதும் எல்லாரும் குனிந்தார்கள். ருக்கு எட்டிப் பார்த்தாள். முதல் பையன் காலில் இரண்டு காது. அடுத்த பெண் காலிலும் காது. வரிசை முழுக்கக் காது. ஜம்புவும் ஒரே நொடியில் அழகாக இரண்டு காது போட்டிருந்தான்.

டீச்சர் அவனிடம் வருவதற்குள் ஜம்பு தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டான். அவசர அவசரமாக அதைப் பிரித்து, நாடா முடிச்சுப் போடத் தொடங்கினான்.

"அரே, டீக் தோ தா! க்யோன் கோலா?" சரியாகத்தானே இருந்தது, ஏன் அவிழ்த்தாய் என்றாள் டீச்சர்.

ருக்கு உள்ளே நுழைந்துவிட்டாள். "ஜம்பு, இது வேண்டாண்டா. முன்னாடி போட்டியே, அதையே போடு."

அவன் கை நகரவில்லை. "போட்டா அடிப்பியா?"

டீச்சருக்குத் தமிழ் தெரியாது. "க்யா போல் ரஹா ஹை?", என்ன சொல்கிறான் என்று ருக்குவைக் கேட்டாள். மற்றத் தாய்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதை இந்தியில் சொல்லும் அளவுக்கு ருக்குவுக்கு இந்தி வரும். ஆனால் வெட்கத்தில் டீச்சர் பக்கமே திரும்பாமல் தரையில் உட்கார்ந்து, "அடிக்க மாட்டேன்" என்று அவனிடம் மட்டும் சொன்னாள்.

அதை நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.