எதிரில் நிற்க ஓர் ஆள்

என் மகளுக்கு நான்கு வயதிலிருந்தே வீசிங். பாத்திரம் கழுவும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் என் ஒரு காது அவள் அறையில்தான் இருக்கும். ஆசிரியையாக ஜவ்வாது மலைக்கு மாற்றல் வாங்கியபோது, காற்று நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு இரண்டே பஸ் என்பதை யாரும் சொல்லவில்லை.

போன ஆடியில் ஒரு மாலை அறையிலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. இன்ஹேலரோடு ஓடினேன். மகளும் பக்கத்து நிலத்துக்காரரின் மகளும் எதிரெதிரே நின்று, கைகளைப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் மகள் வெடித்துச் சிரித்தாள்.

"சிரிச்சிட்டடி, தோத்துட்ட!" என்றாள் தோழி.

"எங்கம்மா வந்து கெடுத்துட்டாங்க. செல்லாது."

"இன்னாடி பண்றீங்க?" என்றேன்.

"பாட்டு, டீச்சர்."

"இதுவா பாட்டு? எருமை மூச்சு வுடற மாதிரி இருக்குது."

"நீ சர்ச்சுல பாட்ட மேல இழுக்கறப்ப நாங்க எதனா சொன்னமா?" என்றாள் மகள்.

போனில் காட்டினார்கள். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் பெண்களின் விளையாட்டு அது. இருவர் மூச்சாலும் தொண்டையாலும் ஒருவருக்கொருவர் பதில் கொடுப்பார்கள். முதலில் சிரிப்பவரோ மூச்சு முட்டி நிறுத்துபவரோ தோற்றவர். ஒரு குழு அதோடு கிதாரும் டிரம்ஸும் நாட்டுப்புற மெட்டும் சேர்த்து ராக் இசையாக்கியிருந்தது. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து இவர்கள் இருவரும் நான்கு பாட்டுகளை இறக்கி வைத்திருந்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். தூசிதான் அவளுக்கு ஆகாது, மற்றபடி பாடலாம் என்றார்.

சில வாரங்களில் அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஓடுவதை நிறுத்தினேன். அடுக்களை ஆணியில் தொங்கிய இன்ஹேலர் பையை பீரோவில் வைத்தேன்.

கார்த்திகையில் பக்கத்து நிலத்தில் சாமைக் கதிர் அடித்தார்கள். தோழிக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மகள் திரும்பி வந்து அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அதே உறுமல், அதே இழுப்பு. நான் மூன்று விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுக்கத் தோழி வாசலுக்கு வந்தாள்.

"உள்ள யார் கூட பாடுறா டீச்சர்?"

"தனியாத்தான்."

"தனியா எப்டி டீச்சர்? எதிர்ல ஆள் வேணுமே."

அறைக்குள் ஓடினேன். மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகியிருந்தது. பீரோ சாவி எங்கே என்பது எனக்கு மறந்துவிட்டது. தோழிதான் தேடி எடுத்தாள். அவள் அப்பாவின் பைக்கில் மகளை நடுவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகமூடியில் மருந்துப்புகை வைத்தார்கள். இரண்டு நாள் இருந்தோம்.

"பாட்டால வர்லம்மா, தூசியால வந்துச்சு," என்றாள் மகள். அது உண்மைதான். பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. இன்ஹேலர் மறுபடி ஆணிக்கு வந்தது.

இப்போது தோழி வராத நாட்களில் மகள் என்னை ஆடக் கூப்பிடுகிறாள். எதிரே நின்று அவள் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் மூச்சு என் முகத்தில் படுகிறது. உறுமத் தெரியாமல் ஏதோ செய்கிறேன். பெரும்பாலும் அவள்தான் முதலில் சிரித்துவிடுகிறாள்.

"நீ சிரிக்கவே மாட்டேங்கற. உன்கூட ஆடறது போரடிக்குதும்மா," என்கிறாள்.

எனக்கு ஆட்டத்தில் கவனம் இல்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.