நாலாம் பிறவியின் கதவு

அந்தத் தொழிற்சாலையில் செய்யும் குடும்பக் காரின் ஒவ்வொரு புது வடிவத்தையும் பிறவி என்பார்கள். முதல் பிறவியிலிருந்து நாலாம் பிறவி வரைக்கும் கதவோடு மல்லுக்கட்டியவர் ஒருவர்தான். அவருக்குக் 'கதவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் போட்டு வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரரே ஒரு கணம் முழிப்பார்.

முதல் பிறவியின் தகடு மெல்லியது. கதவு சட்டத்தில் உட்காராது. மரச்சுத்தியால் தட்டித் தட்டித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். வலது காதோரம் அந்தத் தட்டல், பதினோரு வருஷம். இரண்டாம் பிறவியில் கார் அகலமானது, கதவு கனத்தது, சுத்தியும் பெரிதானது. மூன்றாம் பிறவியில் கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டார் வந்தது; கதவை இயந்திரமே மாட்டிவிட்டது. அவர் சாத்திப் பார்த்து, கொண்டி விழும் சத்தத்தைக் கேட்டுச் சரி என்று சொன்னால் போதும் என்றார்கள். அந்த வருஷம்தான் வலது காது முழுசாக அடங்கியது. இடதும் தேயத் தொடங்கியது.

வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் காரின் கூரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். கொண்டி நன்றாகக் கவ்வினால் ஒரே ஒரு அதிர்வு. அரைகுறையாகக் கவ்வினால் கை நடுங்கும். கை ஒருநாளும் பொய் சொல்லவில்லை. காரைத் தடவிக்கொடுக்கிறார், பால் கறக்கப்போகிறார் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். இடப்பக்கமாக வந்து பேசப் பழகிக்கொண்டாள். யாரிடமும் 'என்ன?' என்று திருப்பிக் கேட்பதை அவர் அடியோடு விட்டுவிட்டார்.

மகளைக் கொடுத்த இடமும் தொழிற்சாலைதான். முடிந்த காரை வரிசையிலிருந்து எடுத்துச் சோதனைப் பாதைக்கு ஓட்டிப்போகும் டிரைவரின் மகன் மாப்பிள்ளை. சம்பந்தி வாய் ஓயாதவர். "இத்தனை ஆயிரம் கதவு சாத்தியும் உங்களுக்குன்னு உக்காந்து போக ஒரு கதவு இல்லையே சம்பந்தி" என்பார். ஆனால் இவர் சரி என்று தலையாட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பது மரியாதையில்லை என்பது சம்பந்தியின் எண்ணம்.

நாலாம் பிறவிக்கு விளம்பரமே அமைதிதான். கதவைச் சுற்றித் தடித்த ரப்பர், உள்ளே பஞ்சு. முதல் நாள் கையை வைத்தார், அதிர்வு ஒன்றும் வரவில்லை. அடுத்த காரிலும் வரவில்லை. நடுக்கம் இல்லையென்றால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஓய்வுக்கு இன்னும் இருபது மாதம். ஒவ்வொரு காருக்கும் தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் சம்பந்தி ஒரு காரை எடுத்தார். பெல்ட் போடுவது சோதனைப் பாதையின் வாசலில்தான். அது வரைக்கும் முழங்கையைக் கதவில் சாய்த்தபடி ஓட்டுவது முதல் பிறவிக் காலத்துப் பழக்கம். சரிவில் திரும்பும்போது கதவு திறந்துகொண்டது. கீழே விழுந்தவரின் கால்மேல் பின்சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்குச் சம்பந்தி ஊன்றுகோலோடு வந்தார். இவருக்குக் காது கேளாத வலப்பக்கத்தில்தான் நாற்காலி காலியாக இருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார். சம்பந்தி தலையைத் தொங்கப்போட்டு ஏதோ சொல்லிவிட்டு, நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டது உதட்டில் தெரிந்தது.

கதவை நம்பி ஏறினேன் என்றுதான் சொல்லியிருப்பார், வேறென்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்தார் அவர். மடித்துக் குத்தியிருந்த கால்சட்டைக்கு முன்னால் இனி எதை மறைப்பது?

"அவர் சொன்னது உண்மைதாங்க. எனக்குக் காது கேக்காது. மூணாம் பிறவியிலேயே போயிடுச்சு."

பேனா நின்றது. சம்பந்தி இவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கையின் நடுக்கத்தில்தான் ஏதோ பிசகிவிட்டது என்று இவருக்குப் புரிந்தது.

ஒரே வாரத்தில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் காது கேளாததை மறைத்தார். மற்றவர் விசாரணையில் பொய் சொன்னார். அந்தப் பொய் என்ன என்பதை மகள் வந்து, இடப்பக்கம் உட்கார்ந்து, உரக்கச் சொன்னாள். பின்னால் பார்ப்பதற்காகத் தானே கதவைத் திறந்ததாகவும் சரியாகச் சாத்தவில்லை என்றும் மாமனார் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன சொன்னார்னு ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதாப்பா?"

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"கேக்கிறத விட்டுப் பல வருஷம் ஆச்சும்மா."