வண்டில்களைக் காத்த பிலிப்பு அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது பிலிப்பு அண்ணையின் மனைவி மரியம் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லண்டனுக்கு வந்த எங்களில் பலர் முதலில் போய் இறங்கியது ஸ்ட்ரெதமில் அவருடைய வீட்டில்தான்.

உங்களில் பலர் மன்னார் பிலிப்பு அண்ணையைக் கோயில் பாடகர் குழுவில் அறிவீர்கள். எனக்கு அவர் கலாத்தியப் படைத்தளபதி. பழங்காலப் போர்களை ஈயப் பொம்மைகளால் மேசையில் நடத்தும் வெள்ளைக்காரர் சிலர் சனிக்கிழமைகளில் ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். எண்பதுகளின் நடுவில் அண்ணை என்னையும் இழுத்துப்போனார். கோயில் பூசையில் வாசித்த வேதாகமக் கடிதத்தில் கலாத்தியர் என்ற பெயரைக் கேட்டு, யார் இந்த ஆட்கள் என்று தேடப் போனவர் அந்தப் பைத்தியத்தில் விழுந்துவிட்டார். கிரேக்க நாட்டைக் கலக்கிய கெல்ட்டியரிலிருந்து பிரிந்து, சகோதரனோடு சண்டை பிடித்த ஓர் அரசனுக்குக் கூலிப்படையாகக் கடல் கடந்து, இன்றைய துருக்கியில் தங்கிவிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கட்டம்போட்ட காற்சட்டைகளுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்து நிறம் தீட்டுவார்.

நான் எதிர்ப்பக்கம். என்னுடையது சிரிய அரசனின் படை, யானைகள் உண்டு. யானையைக் கண்டறியாத கலாத்தியக் குதிரைகள் மிரண்டு ஓடியதாக வரலாறு. மேசையிலும் அதே கதிதான். ஆனால் அண்ணை தோற்றதற்கு யானைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. படைக்குப் பின்னால் வண்டில்கள், பெண்கள், பிள்ளைகள் என்று தானே செய்த பொம்மைகளை நிறுத்துவார். விதிப்படி அவற்றுக்குப் புள்ளி கிடையாது. அவற்றைக் காக்க நல்ல வீரர்களைப் பின்னுக்கு வைத்துவிடுவார். விழல் வேலை என்று நக்கலடிப்பேன். கடல் கடந்தபோது ஆயுதம் ஏந்தியவர்கள் பாதிதான், மற்றப் பாதி குடும்பம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் எனக்கு இங்கே நிரந்தரமாக இருக்கவும் குடும்பத்தைக் கூப்பிடவும் விசா கிடைத்தது. மனைவி சாந்தியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சென்னையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். வெம்பிளியில் வீடு வாங்கிய பிறகுதான் கூப்பிடுவது என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை யானைகளை நகர்த்தியபடியே இதை அண்ணையிடம் சொன்னேன். சின்னவள் இப்போதெல்லாம் போனில் என்னோடு கதைக்க வருவதில்லை என்பதையும் பெரிய விஷயமில்லாததுபோலச் சொன்னேன்.

அண்ணை தாயக்கட்டையைக் கீழே வைத்தார்.

"நீ வீடு வாங்கி முடிக்கேக்கை அதுகள் வளந்திடுங்கள். பிறகு ஆரைக் கூப்பிடப்போறாய்? இப்பவே கூப்பிடு. எங்கட மேல் அறை ரெண்டும் சும்மா கிடக்கு."

"அக்கா என்ன சொல்லுவா?"

"உனக்கு விசா எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே அவ கடையில கட்டிலுக்குச் சொல்லிப்போட்டா."

அன்றைய ஆட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை.

சாந்தியும் பிள்ளைகளும் அண்ணை வீட்டுக்கு வந்த அன்று சின்னவள் என்னைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள். அண்ணையின் மடியில் போய் இருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணை அவளைத் தூக்கி என் பக்கத்தில் இருத்திவிட்டு, தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்து போய், நெடுநேரம் குசினியிலேயே நின்றார். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவள் என் நெஞ்சில் ஏறி நித்திரை கொள்ளப் பழகியிருந்தாள்.

இதை வெம்பிளி வீட்டில் இருந்து எழுதுகிறேன். மேலே, வளர்ந்துவிட்ட மகள்மார் இருவரும் குளியலறைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், சாந்தி கத்துகிறாள், நியாயம் தீர்க்க அப்பா வரட்டுமாம். அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சத்தம்தான். எழும்பிப் போகிறேன்.