உயிரோடிருந்தவனுக்கு ஒரு படையல்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் என்னைத் தீர்த்துவிட்டபோது, பஞ்சாயத்தார் முன்னால் என் புருஷன் ஒரு துரும்பை ஒடித்துப் போட்டான். நான் தாலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான், கல்யாணம் முறிந்தது. கொஞ்ச நாளிலேயே கூலிகளுக்கான வரிசை வீடுகளில், அதே லயத்தில், இரண்டு வீடு தள்ளி, இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் நான் கொழுந்து பறிக்கப் போகவேண்டும். எத்தனை நாளைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போவது? கப்பல் ஏறிவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் இந்தியாவை 'ஊர்' என்றே சொல்லி வளர்த்தார்கள். இலங்கையில் பிறந்த எனக்கு அது அந்நிய தேசம். பர்லியார் தாண்டி மலை ஏறியபோது தேயிலைச் செடி ஒன்றுதான் தெரிந்த முகமாக இருந்தது. பேச்சும் வேறு. நான் வாய் திறந்தால் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. மேஸ்திரியின் மனைவி என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செத்துப் போயிட்டான்னே சொல்லிரு, கண்ணு. தாலியறுத்தவளுன்னா லைன் வீட்டுல இடம் கொடுப்பாங்க. புருஷன் தீத்துவுட்டவளுன்னு தெரிஞ்சா கண்டவனும் கதவத் தட்டுவான்."

தலைக்கு மேல் கூரை வேண்டுமே. தலையாட்டினேன். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கைம்பெண்ணின் அறையில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். அவளை அக்கா என்று கூப்பிட்டேன். நல்லவள்; அதுதான் தொல்லை. அவள் பார்வையில் பூ வைக்க முடியாது, பொட்டு வைக்க முடியாது. அங்கே அவன் புதுப் பெண்டாட்டி கையால் தின்று கொழுத்துக்கொண்டிருக்க, இங்கே நான் அவனுக்காகத் துக்கம் காத்தேன். வயிறு எரிந்தது.

வருஷம் திரும்பியது. அக்கா என்னைக் கேட்காமலே அவன் பேரில் படையலுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு என்ன புடிக்கும், சொல்லு."

"கருவாட்டுக் குழம்பு" என்று வாயில் வந்துவிட்டது. சந்தையிலிருந்து கருவாடு வாங்கி வந்தாள். நானே குழம்பு வைத்தேன். வாசலில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, லைன் பெண்களெல்லாம் கூடி நின்று காக்கையைக் கூப்பிட்டோம்.

காக்கை வரவில்லை. கண் தெரியாத மூடுபனி, எந்தக் காக்கை வரும்? அங்கே நின்றவர்களுக்கோ அது அபசகுனம்.

"அவருக்கு ஏதோ மனக்குறைங்க" என்றாள் ஒருத்தி.

அக்கா என் தோளைத் தொட்டாள். "தெரியாம ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்கன்னு கேளு, கண்ணு. வந்து எடுப்பாரு."

மன்னிப்பா? நானா?

"அவன் சாகல, அக்கா. குத்துக்கல்லு மாதிரி இருக்கான். இன்னொருத்திக்காக என்னத் தீத்துவிட்டான். அவன்கிட்ட நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

மேஸ்திரி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இருந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். இந்த மலையில் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

அக்கா அந்த இலையைப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு என்ன படையல்? உள்ள வா. சோறு ஆறுது."

"கதவத் தட்டுவாங்களே, அக்கா."

"தட்டட்டும். நம்மூட்டுல செடி வெட்டற கவ்வாத்துக் கத்தி இருக்குது."

இலங்கையில் அந்தக் குழம்பை அவனுக்கு நான் வைக்காத வாரமே கிடையாது. துண்டுகளெல்லாம் அவன் தட்டுக்குப் போகும். சட்டியை வழித்து நான் தின்பேன். அன்றைக்கு அக்கா அவன் இலையிலிருந்த பெரிய துண்டை எடுத்து என் சோற்றின்மேல் வைத்தாள். நான் வைக்கும் குழம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.